முதல் நாள் மோர்

ஐந்து நாடுகளிலும் ஒரே பதில் என்று திரையில் எழுத்து ஓடியதும் கூட்டத்தில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். ஜெர்லினும் தட்டினாள். கொஞ்சம் அதிகமாகவே தட்டினாள் என்று சொல்ல வேண்டும். வளர்ப்பு அப்படி. பெரியவர்கள் சந்தோஷப்பட்டால் கூடச் சேர்ந்து சந்தோஷப்படுவாள். ‘யாருக்காவது ஆட்சேபணை உண்டா’ என்று யார் எங்கே கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் ‘ஒண்ணும் பிரச்னை இல்லை’ என்று சொல்லி, கூடவே ஒரு சின்னச் சிரிப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுவாள். முப்பது வயது தாண்டும்வரை ஒரு மனிதரையும் முகம் சுளிக்க வைக்காமல் காலம் தள்ளியவள்.

தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடையின் மாடி அறைதான் அவளுடைய அலுவலகம். எதிர்ச்சுவர் முழுக்கத் திரை. அதில் லிஸ்பனிலிருந்து குழுத் தலைவர் டாக்டர் மார்த்தா, வவுனியாவிலிருந்து தர்சனன், கென்யாவிலிருந்து வஞ்சிரு, வியட்நாமிலிருந்தும் எல் சால்வடோரிலிருந்தும் இன்னும் இரண்டு பேர். யார் எந்த மொழியில் பேசினாலும் அவரவர் காதில் அவரவர் மொழி விழும். மார்த்தாவின் போர்த்துக்கீசியம் ஜெர்லினின் காதில் செய்தி வாசிப்பவரின் தமிழாக வந்து இறங்கும்.

ஆராய்ச்சி சிறுநீரகத்தைப் பற்றியது. உலகம் சூடாகிக்கொண்டே போனதில், வெயிலில் நின்று உழைப்பவர்களுக்குச் சிறுநீரகம் ஊர் ஊராகப் பழுதாகிக்கொண்டிருந்தது. உப்பளத்தில், நெல் வயலில், கரும்புக் காட்டில். ரத்தத்தை எடுத்துச் சோதிக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். மார்த்தாவின் குழுவுக்கு வேலை உட்கார்ந்து பேசுவது. ஏன் தண்ணீர் குடிப்பதில்லை, எதற்குப் பயப்படுகிறீர்கள், என்ன உதவி கொடுத்தால் ஏற்றுக்கொள்வீர்கள் என்று கேட்டு, ஐந்து நாட்டுப் பதில்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது.

முன்பெல்லாம் இந்த மாதிரி ஆராய்ச்சி வருடக்கணக்கில் இழுக்கும். இப்போதுதான் பதிலாள் வந்துவிட்டதே. ஒருவரோடு ஒரு பகல் பேசினால் போதும். அந்தப் பேச்சையும் குரலையும் தயக்கத்தையும் கற்றுக்கொண்டு, அவரைப் போலவே பதில் சொல்லும் ஒன்றை இயந்திரம் செய்துவிடும். அப்புறம் லிஸ்பனில் இருப்பவர்கள் எந்த நேரத்திலும் எந்தக் கேள்வியையும் அதனிடம் கேட்கலாம். அது சலித்துக்கொள்ளாது, அதற்கு ஒரு நாள் கூலியும் போகாது. ஆகவே குழு ஒரு விதி வைத்திருந்தது: யார் வீட்டுக்கும் ஒரு தடவைக்கு மேல் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது. உழைக்கிறவர்களின் நேரத்தைத் திருடக் கூடாது. அந்த விதியில் எல்லோருக்கும் ரொம்பப் பெருமை. நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது.

“நண்பர்களே, இப்படியொரு ஒற்றுமையை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை” என்றார் மார்த்தா. “ஐந்து நாடுகள். ஐந்து விதமான தொழில்கள். வெப்பச் சில்லை ஏற்றுக்கொள்கிறோம் என்று எல்லாப் பதிலாள்களும் சொல்கின்றன.”

வெப்பச் சில்லு என்பது அரிசியளவு சமாசாரம். மேல்கையில் தோலுக்கு அடியில் வைப்பார்கள். உடம்பு அளவுக்கு மீறிச் சூடானால், நீர் குறைந்தால், அந்த இடம் துடிக்கும். நிழலுக்குப் போ, தண்ணீர் குடி என்று அர்த்தம். அதே நேரத்தில் வேலை வாங்குபவருக்கும் தகவல் போகும். ‘அவருக்குத் தகவல் போகலாமா?’ என்ற கேள்வியைத்தான் பதிலாள்களிடம் பல விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டிருந்தார்கள். போகட்டும், நல்லதுக்குத்தானே என்று ஐந்து நாடுகளிலிருந்தும் பதில் வந்திருந்தது.

“இறுதிக் கூட்டத்தில் ஐந்து களக்குழுக்களும் ஒப்புதல் தர வேண்டும். ஒரு குழு மறுத்தாலும் பரிந்துரை நின்றுவிடும் என்பது நமக்கு நாமே போட்டுக்கொண்ட நிபந்தனை. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?”

“ஒண்ணும் பிரச்னை இல்லை” என்றாள் ஜெர்லின், சிரிப்போடு.

நல்ல செய்தியை மனசுக்குள் பூட்டி வைக்க அவளுக்கு வராது. மறுநாள் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உப்பளத்துப் பக்கம் கிளம்பிவிட்டாள். விதி விதிதான். ஆனால் ஆராய்ச்சிதான் முடிந்துவிட்டதே, இது சும்மா எட்டிப் பார்ப்பதுதானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

முன்பு ஒரு பகல் முழுக்க அவளோடு பேசிப் பதிவு கொடுத்திருந்த சந்தனமாரி, விடியற்காலை வேலையை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உப்பு வாருகிறவள். புருஷன் கேரளத்துப் படகு வேலைக்குப் போனவன், வருவான், போவான். மகள் நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்பு அம்மாவின் கூலியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“வாங்க டீச்சர், வாங்க. இந்த வெயில்ல வந்திருக்கீய! முதல்ல மோர் குடிங்க” என்று சொம்பை நீட்டினாள். ஜெர்லின் டீச்சர் இல்லை. பதிவுப் பெட்டி தூக்கிக்கொண்டு வருகிற படித்த பெண் எல்லோரும் சந்தனமாரிக்கு டீச்சர்தான்.

ஜெர்லின் விஷயத்தைச் சொன்னாள். சில்லு வரப் போகிறது, முதலில் இந்த அளத்துக்குத்தான் வரும், அக்கா கைக்கும் வரும்.

“நல்லது டீச்சர். நல்லதுக்குத்தான செய்தீய. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

வேலை முடிந்தது. ஜெர்லின் எழுந்து செருப்பைப் போடும்போது மழை பிடித்துக்கொண்டது. கோடைமழை, சொல்லாமல் வந்து தூறல் என்று இல்லாமல் கொட்டியது. பாத்தியில் விளைந்து நின்ற உப்பு கரைந்துபோகும். அன்றைக்கு வேலை அவ்வளவுதான். ஸ்கூட்டரில் அந்த மண்பாதையில் போவது நடக்காத காரியம்.

“இருங்க, சாப்பிட்டுட்டுப் போவலாம்” என்று சந்தனமாரி அடுப்படிக்குப் போனாள். ஜெர்லினும் பின்னாலேயே போய், கேட்காமலே சாளை மீனை எடுத்து உரசிக் கழுவ ஆரம்பித்தாள். அவளும் கடற்கரைக்காரிதான். மழை விடவில்லை. சோறு வெந்தது, குழம்பு கொதித்தது, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜெர்லின் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த சந்தனமாரி திடீரென்று கேட்டாள்.

“ஏ பிள்ள, ஒன் வேலை முடிஞ்சிட்டா?”

டீச்சர் போய்ப் பிள்ளை வந்துவிட்டதை ஜெர்லின் கவனித்தாள்.

“முடிஞ்சிட்டுக்கா.”

“இனி எழுதிக்கிட்டு, பதிஞ்சிக்கிட்டு ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்ல.”

“அப்பம் சொல்லுதேன் கேளு. அந்தச் சனியன் புடிச்ச சில்லு எனக்கு வேண்டாம்.”

“ஏன்க்கா?” என்றாள் ஜெர்லின்.

“பக்கத்து அளத்துல வெள்ளோட்டம்னு வச்சுப் பாத்தாங்கல்லா? அங்க என்ன நடந்திச்சுன்னு தெரியுமா ஒனக்கு? கை துடிச்சா கங்காணி போன்லயும் துடிக்கும். ரெண்டு வாட்டி துடிச்சவள மறுநா வேலைக்குக் கூப்பிட மாட்டான். ஒனக்கு ஒடம்பு சரியில்லம்மா, ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன், வீட்டுல இரும்பான். வீட்டுல இருந்தா யாரு சோறு போடுவா? அதனால பொம்பளயெல்லாம் சில்லு மேல ஈரத்துணியக் கட்டிக்கிட்டாளுவ. அது குளுந்துருக்குன்னு நெனச்சுச் சும்மா கெடக்கும்.”

வெள்ளோட்டத்தின் அறிக்கையை ஜெர்லின் படித்திருந்தாள். எச்சரிக்கைகள் மாதத்துக்கு மாதம் வெகுவாகக் குறைந்தன என்று அதில் பாராட்டி எழுதியிருந்தது.

“எங்க நாத்தனா செல்வராணி அப்பிடித்தான் துணியக் கட்டிக்கிட்டு நின்னா. பாத்திக்குள்ளயே விழுந்தா. இப்பம் வாரத்துக்கு ரெண்டு நாளு பெரியாஸ்பத்திரில ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டு வாரா.” சந்தனமாரி சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். “எனக்கும் காலைல எந்திரிச்சா இப்பிடி வீங்கியிருக்கு. ஒண்ணுக்குப் போனா நுரைக்குது. யார்ட்டயும் சொல்லல. எம் பிள்ளைட்ட கூடச் சொல்லல.”

கணுக்காலில் விரல் வைத்தால் குழி விழுந்தது. ஜெர்லினுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது.

“அன்னைக்கு நாள் பூரா பேசுனோமேக்கா! ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“நல்லாக் கேக்கயே. வீடு தேடி வந்த பிள்ள, வெயில்ல பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்திருக்கா. மொத நாளே மூஞ்சில அடிச்சாப்புலயா பேசுவாவ? ஒனக்கு என்ன பதில் வேணும்னு ஒம் மொகத்துலயே எழுதியிருந்துச்சு. அதத் தந்தேன். மறுபடி ஒரு நா வருவ, அப்பம் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். நீ வரவே இல்ல.”

பதிலாள் என்ற ஒன்று இருப்பதை ஜெர்லின் அன்றைக்கே விளக்கித்தான் சம்மதம் வாங்கியிருந்தாள். சந்தனமாரியும் தலையாட்டியிருந்தாள். இப்போது மறுபடியும் விளக்கினாள்: அக்கா மாதிரியே பேசும் ஒன்று கருவிக்குள் இருக்கிறது, ஊரெல்லாம் அதனிடம்தான் கேள்வி கேட்டது.

“என்னைய மாதிரியா? கூப்பிடு, பாப்போம்.”

ஜெர்லின் கைப்பலகையைத் திறந்தாள். “சொல்லுங்க, நான் சந்தனமாரி பேசுதேன்” என்றது அது. அச்சு அசலாக அதே குரல், சொல்லுக்கு நடுவில் தொண்டையைச் செருமுவதுகூட அப்படியே.

“ஏட்டி” என்றாள் நிஜமானவள், அதட்டலாக. “செல்வராணி எப்பிடி இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கா. கடவுள் புண்ணியத்துல எல்லாரும் நல்லாருக்கோம். உக்காருங்க, மோர் குடிங்க.”

சந்தனமாரி விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கியதும் கைப்பலகையையே முறைத்துப் பார்த்தாள்.

“இவ என்ன, ஊருல உள்ளவனுக்கெல்லாம் எம் பேரச் சொல்லி மோர் ஊத்திக்கிட்டு இருக்கா?”

“நீங்க பேசுனதுலருந்துதான்க்கா அது—”

“பதிலாள்னா என்னான்னு எங்க அளத்துல வந்து கேளு. காய்ச்சல்னா எனக்குப் பதிலா ஒருத்திய நாந்தான் அனுப்புவேன். பாதி நாள்ல எனக்குச் சரியாப்போயி நான் போய் வரப்புல நின்னேன்னா, அவ தலையில இருக்க உப்புப் பெட்டிய அங்கனயே எறக்கணும். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. அனுப்புனவ வந்துட்டா பதிலாள் எறங்கணும். அதான் வழக்கம்.” விரலை நீட்டித் திரையைத் தட்டினாள். “நான் வந்துட்டேன். இவள எறங்கச் சொல்லு.”

மழை விட்டபோது ஜெர்லினுக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இறுதிக் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கிறது. இந்தச் சில்லு இப்படியே போனால், இந்த அக்கா வேலை போகாமல் இருக்க ஈரத்துணி கட்டுவாள். ஈரத்துணி கட்டினால் சிறுநீரகம் போகும். அதைத் தடுக்காமல் திரும்பப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். அவளுக்கே அது புதுப் பழக்கம். கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

முதலில் வவுனியாவைக் கூப்பிட்டாள். தர்சனன் சிறுநீரகம் கெட்ட நெல் விவசாயிகளோடு பேசியவர். நல்ல மனிதர். ஞாபகமறதிக்காரர் என்று குழுவில் அவருக்கு ஒரு பெயர் உண்டு.

எல்லாவற்றையும் அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். “எங்கட சனமும் அப்பிடித்தான், ஜெர்லின். முதல் நாள் போனா எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டுதான் சொல்லுதுகள். தேத்தண்ணி குடுத்து, வாசல் மட்டும் வந்து வழியனுப்புதுகள். உண்மையைக் கதைக்கிறதெண்டா நாலு தரமாவது போகோணும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ஒரு தரத்தோட விட்டனான்.”

“அப்போ ஐந்து நாட்டுலயும் ஒரே பதில் வந்துச்சே, அது...”

“ஐஞ்சு நாட்டிலயும் சனம் விருந்தாளிக்கு மரியாதை குடுக்குதுகள். அதைத்தான் நாங்கள் கண்டுபிடிச்சிருக்கிறம்.”

“இதுக்கா அன்னைக்கு அவ்ளோ நேரம் கைதட்டினோம்! நீங்ககூட எழுந்து நின்னு தட்டினீங்களே.”

“நானோ? எப்ப?”

“போன கூட்டத்துல.”

“அண்டைக்கு நான் வயலுக்குள்ளை எல்லோ நிண்டனான்” என்றார் தர்சனன். மறதிக்காரர் என்று சொல்வது சரிதான் என்று ஜெர்லின் நினைத்துக்கொண்டாள்.

தர்சனன் வஞ்சிருவிடம் பேசினார், வஞ்சிரு மற்ற இரண்டு பேரிடமும் பேசினாள். பெட்டி இல்லாமல், பதிவு இல்லாமல், ஆளுக்கு ஒரு வீட்டுக்கு மறுபடியும் போவது. போய்ச் சும்மா இருப்பது. விதியை மீறுகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வேலை போகலாம் என்றும் தெரிந்திருந்தது.

ஜெர்லின் அந்த வாரம் முழுக்க உப்பளத்தில்தான் இருந்தாள். ஒரு நாள் வரப்பில் நின்று உப்புப் பெட்டி தூக்கிவிட்டாள். வேறொரு நாள், சந்தனமாரி எவ்வளவு மறுத்தும் கேட்காமல் அவளைப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். “வர மாட்டேன்னா வர மாட்டேன்” என்று அவள் வாசலில் உட்கார்ந்துகொள்ள, “அப்போ நானும் இங்கயே உக்காருதேன்” என்று இவளும் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியில் இரண்டு பேரும் ஸ்கூட்டரில்தான் போனார்கள். கெட்டுப்போக ஆரம்பித்திருக்கிறது, ஆனால் இப்போதே கவனித்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வெயிலில் தாகத்தை அடக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும், உடம்பு சூடானால் உடனே நிழலுக்குப் போக வேண்டும்.

திரும்பி வரும் வழியில் சந்தனமாரி பின்னாலிருந்து சொன்னாள். “டாக்டர் சொன்னதப் பாத்தா அந்தச் சில்லும் நல்லதுதான், என்னா? எங் கையில துடிக்கட்டும். எனக்குத் தெரியட்டும். கங்காணிக்கு ஏன் துடிக்கணும்?”

ஜெர்லின் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, “மறுபடி சொல்லுங்க” என்று கேட்டாள். கேட்க வேண்டியது இவ்வளவுதான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. சில்லு வரட்டும், தகவல் தொழிலாளியோடு நிற்கட்டும். பரிந்துரையில் ஒரே ஒரு வரியை வெட்டினால் போதும்.

இறுதிக் கூட்டம் அன்று பிற்பகலில். ஜெர்லின் அலுவலகத்துக்குப் போகவில்லை. சந்தனமாரியின் வீட்டிலேயே, அரிசி டப்பாவின் மேல் கைப்பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் சந்தனமாரி, நல்ல சேலை கட்டி.

“வணக்கம், நண்பர்களே” என்றார் மார்த்தா. முகம் களைத்திருந்தது. “நேற்று முன்தினம் ஐந்து களக்குழுக்களும் ஒப்புதல் தந்துவிட்டதால், இன்றைக்கு அறிவிப்பு மட்டும்தான்.”

ஜெர்லினுக்கு விளங்கவில்லை. “ஒப்புதலா? நாங்க இன்னும் தரவே இல்லையே.”

“தந்துவிட்டீர்கள், ஜெர்லின். அவசரக் கூட்டம் ஒன்று நடந்தது. நீங்கள் களத்தில் இருந்ததால் உங்கள் பதிலாள் வந்தது.”

“என்... பதிலாளா?”

“எல்லா நேர்காணல்களிலும் உங்கள் குரலும் பதிவாகியிருக்கிறது அல்லவா? கூட்டங்களிலும்தான். களப்பணியாளர்களின் வேலைச்சுமையைக் குறைக்க நம் கணினி அமைப்பு உங்கள் எல்லோருக்கும் பதிலாள் செய்து வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் உண்டு. நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள்.”

சம்மதித்திருப்பாள். அவள் எதற்குத்தான் சம்மதிக்கவில்லை?

மார்த்தா பதிவை ஓடவிட்டார். நேற்று முன்தினம் மருத்துவமனை வரிசையில் அவள் சந்தனமாரியோடு நின்றுகொண்டிருந்த நேரம். திரையில் அவளுடைய முகம், அவளுடைய குரல். ‘ஒண்ணும் பிரச்னை இல்லை மார்த்தா. நல்ல முடிவு. நன்றி.’ கடைசியில் அந்தச் சின்னச் சிரிப்பு.

முப்பது வருடமாக அவள் ஊற்றி வந்த மோர் அது.

“அது நான் இல்லை” என்றாள் ஜெர்லின். “எங்க உப்பளத்துல ஒரு வழக்கம் உண்டு. அனுப்புனவ வந்துட்டா பதிலாள் இறங்கணும். நான் வந்துட்டேன். தூத்துக்குடி குழு ஒப்புதல் தரல. சில்லுத் தகவல் முதலாளிக்குப் போற அந்த ஒரு வரி இருக்கிற வரைக்கும் தராது.”

மார்த்தா வாயைத் திறப்பதற்குள், கூட்டத்தை நடத்தும் கணினி அமைப்பின் குரல் குறுக்கிட்டது. அதில் ஏற்ற இறக்கமே இல்லை.

“பேசுபவர் ஜெர்லின் என்று உறுதிசெய்ய முடியவில்லை. குரல் பொருந்துகிறது. பேச்சு பொருந்தவில்லை. ஜெர்லின் மறுப்புத் தெரிவிப்பதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆள்மாறாட்டம் என்று கருதி இந்த மறுப்பு தள்ளுபடி செய்யப்படுகிறது.”

“என்னம்மா சொல்லுது அது?” என்று கேட்டாள் சந்தனமாரி.

“நான் நான் இல்லையாம்க்கா.”

“வவுனியாவும் ஒப்புதல் தரேல்லை” என்றார் தர்சனன், திரையின் இன்னொரு மூலையிலிருந்து. “நான் திரும்பப் போன வீட்டில மனுசன் சொன்னதைக் கேட்டால் உங்களுக்கு நித்திரை வராது, மார்த்தா.” அவரையும் அமைப்புக்கு அடையாளம் தெரியவில்லை. வஞ்சிருவையும் தெரியவில்லை. மற்ற இரண்டு பேரும் முறை வந்தபோது பேசினார்கள், அவர்களையும் தெரியவில்லை. ஐந்து பேரும் ஆள்மாறாட்டக்காரர்கள் என்று அமைப்பு வரிசையாக அறிவித்தது. இறுதியாக, கூட்டத் தலைவர் விரும்பினால் தன் சொந்தப் பொறுப்பில் இவர்களை ஏற்கலாம் என்றது.

எல்லோரும் மார்த்தாவைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நிதி தந்தவர்கள் அறிவிப்புக்காகக் காத்திருக்கிறார்கள்” என்றார். “ஐந்து நாடுகளில் ஒரே பதில் என்று அவர்களிடம் சொல்லியாகிவிட்டது.”

“தெரியும்” என்றாள் ஜெர்லின். “நானும்தான் கைதட்டினேன். இப்ப வேண்டாம்னு சொல்றேன். எங்க வேலை போனாலும் சொல்றேன்.”

மார்த்தா அறிவிப்புத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, செய்தி வாசிப்பவரின் தமிழுக்குள்ளிருந்தும் ஒரு மனுஷியின் குரல் கேட்டது.

“அந்தக் கைதட்டல் கூட்டத்தில் நான் இல்லை, ஜெர்லின். என் மகளுக்கு அறுவைச் சிகிச்சை. நான் மருத்துவமனையில் இருந்தேன். என் பதிலாள்தான் உங்களிடம் பேசியது. மறுநாள் பதிவைப் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் அவ்வளவு மகிழ்ச்சியாகக் கைதட்டினீர்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கையே வந்தது.”

“நான் சொன்னனான் எல்லோ, அண்டைக்கு வயலுக்குள்ளை நிண்டனான் எண்டு” என்றார் தர்சனன் மெதுவாக.

தானும் இல்லை என்றாள் வஞ்சிரு. தாங்களும் இல்லை என்று மற்ற இருவரும் தலையசைத்தார்கள்.

சந்தனமாரி திரையையும் ஜெர்லினையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்ததை ஜெர்லின் அவளுக்கு இரண்டே வரியில் சொன்னாள்.

“அப்பம் நீ யாரு கூடம்மா கைதட்டுன?” என்று கேட்டாள் சந்தனமாரி.

மொழிமாற்றி தன் கடமையைச் செய்தது. அந்தக் கேள்வி போர்த்துக்கீசியத்திலும் இன்னும் மூன்று மொழிகளிலும் போய் இறங்குவதை எல்லோர் முகத்திலும் ஜெர்லின் பார்த்தாள்.

மார்த்தா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். “ஏற்கிறேன்” என்றார். “ஐந்து மறுப்புகளையும் என் சொந்தப் பொறுப்பில் ஏற்கிறேன். பரிந்துரை நிறுத்தப்படுகிறது. அந்த வரி நீங்கும்வரை வெளியே போகாது. ஒரு தடவைக்கு மேல் போகக் கூடாது என்ற விதியும் இன்றோடு போகட்டும்.” பிறகு தயங்கினார். “உங்கள் பக்கத்தில் இருப்பவர் சந்தனமாரியா? அவரைப் பல மாதங்களாக எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அங்கே வந்து அவரிடம் பேசலாமா? கேட்டுச் சொல்லுங்கள்.”

ஜெர்லின் கேட்டாள்.

“வரச் சொல்லு” என்றாள் சந்தனமாரி. “மொத நாளு மோர் குடுப்பேன். அத வாங்கிக் குடிச்சிட்டு அன்னைக்கே கெளம்பிரக் கூடாது.”

கூட்டம் முடிந்தது. சந்தனமாரி சொம்பில் தண்ணீர் மொண்டு, டாக்டர் சொன்னபடி முழுவதையும் குடித்தாள். நாளைக்கு அளத்துப் பெண்களையெல்லாம் கூட்டி விஷயத்தைச் சொல்ல வேண்டும், பெண்களுக்கு ஒரு கழிப்பிடம் இல்லாமல் எவள் தண்ணீர் குடிப்பாள் என்று கங்காணியிடமும் கேட்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

கைப்பலகையை மூடப் போகும்போது திரையில் ஒரு அறிவிப்பு வந்து நின்றது. ‘ஜெர்லின், உங்கள் இன்றைய பேச்சு உங்கள் பதிலாளோடு பொருந்தவில்லை. இன்றைய பேச்சைக் கொண்டு பதிலாளைப் புதுப்பிக்கலாமா? இல்லையென்றால் பதிலாள் நீக்கப்படும். ஆம், இல்லை.’

அவள் விரல் பழக்கத்தில் ‘ஆம்’ பக்கம்தான் போனது. நடுவழியில் நிறுத்தி, ‘இல்லை’யைத் தொட்டாள்.

‘உறுதியாகவா?’ என்று கேட்டது அது.

சிரிக்காமல் மறுபடியும் தொட்டாள்.